“நான் குடிப்பதில்லை ஹஜ்ரத், விற்கத்தான் செய்கிறேன்” – மதுக்கடை வேலையும் ஜமாஅத்தின் பொறுப்பும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

போன ரமளானில் ஒரு சகோதரர் பள்ளிவாசலுக்கு வந்து, ஒரு நாள் நோன்புக் கஞ்சியின் செலவைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நிர்வாகிகளில் ஒருவர் பணத்தை எண்ணி வாங்கிவிட்டு, “தம்பிக்கு எங்கே வேலை?” என்று கேட்டார். “டாஸ்மாக்கில் விற்பனையாளர்” என்று பதில் வந்தது. பணம் அவர் கைக்கே திரும்பிப் போனது.

மஸ்அலா சரிதான். அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்த எங்களில் ஒருவர்கூட, “வேறு வேலைக்குப் போக உனக்கு என்னப்பா தடை?” என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

சில நாட்கள் கழித்து நானே அவரைத் தேடிப் போனேன். அவர் சொன்னார்: “ஹஜ்ரத், நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. கேட்பவருக்குப் பாட்டிலை எடுத்துக் கொடுத்து காசை வாங்கிப் போடுகிறேன். அரசாங்கமே நடத்துகிற கடை. இதில் என் பாவம் என்ன?”

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

மது தடை செய்யப்பட்ட நாளை நினைத்துப் பாருங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் சிலர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரீச்சம்பழத்தில் ஊறவைத்த மது. ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள். அன்று அவர்கள் பார்த்த வேலை, பார்க்கப் போனால், நம் சகோதரர் பார்க்கும் வேலைதான். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்டது. உடனே அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனஸிடம் அதைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் சம்பவம் வருகிறது.

குடிப்பதைத் தடுத்தாயிற்று, விற்கலாமா? இதற்கும் ஒரு சம்பவம் முஸ்லிமில் இருக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு தோல்பை நிறைய மது அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். அது ஹராமாக்கப்பட்ட செய்தி அவருக்குத் தெரியாது. நபியவர்கள் விஷயத்தைச் சொன்னதும், அவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். விற்றுவிடச் சொன்னேன் என்றார். குடிப்பதைத் தடுத்தவனே விற்பதையும் தடுத்துவிட்டான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அவர் பையின் வாயைத் திறந்துவிட்டார், உள்ளே இருந்த அத்தனையும் வழிந்து ஓடியது.

மது விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். திர்மிதியில் இருக்கிறது. அந்தப் பத்தில் குடிப்பவர் ஒருவர்தான். ஊற்றிக் கொடுப்பவர், சுமப்பவர், விற்பவர், அந்தக் காசைச் சாப்பிடுபவர் எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே “நான் குடிப்பதில்லை” என்பது நல்ல விஷயம், ஆனால் விற்பதற்கு அது பதிலாகாது.

“அரசாங்கமே நடத்துகிறதே” என்பதையும் பார்த்துவிடுவோம். 2003க்கு முன் ஏலம் எடுத்த தனியார் சில்லறையில் விற்றார்கள். அதன் பிறகு அரசு நிறுவனமே விற்கிறது. விற்கும் கை மாறியது, பாட்டிலில் இருப்பது மாறவில்லை. இதைக் கவனிக்கும் துறையின் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பது வேறு விஷயம்! சட்டம் அனுமதித்தால் போலீஸ் பிடிக்காது, அவ்வளவுதான். ஹலாலையும் ஹராமையும் தீர்மானிப்பவன் அல்லாஹ்.

வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கும் நம் பிள்ளைகளின் நிலை கொஞ்சம் வேறு. அங்கே நூறு சாமான்களில் ஒன்றாக பீரும் வருகிறது. மேலாளரிடம் பேசி வேறு பிரிவுக்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்கள். டாஸ்மாக்கில் அந்த வழியும் இல்லை. கடையில் இருப்பதே அது ஒன்றுதான்.

சகோதரரே, இப்போது உங்களிடமே பேசுகிறேன். வேலை ஹராம் என்பதால் “என் தொழுகை எங்கே ஏறப்போகிறது” என்று தொழுகையை விட்டுவிடாதீர்கள். ஷைத்தானுக்கு அது இரட்டை லாபம். பகல் 12 மணிக்குக் கடை திறந்தால் இரவு 10 வரை. நடுவில் லுஹர், அஸர், மஃக்ரிப், இஷா நான்கும் போகிறது. எப்படியாவது நேரம் கேட்டு வாங்கித் தொழுங்கள். அந்தத் தொழுகைதான் உங்களை அங்கிருந்து வெளியே இழுக்கும் கயிறு.

இன்றே விட்டால் நாளை பிள்ளைகள் பட்டினி என்கிற நிலை உண்மையாகவே இருந்தால்? நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது (2:173). வேறு வேலை கிடைக்கும் வரை, மனதில் வெறுப்போடு, தேவையான அளவுக்கு மட்டும் என்று நம் காலத்து உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். ஆனால் நிர்ப்பந்தம் என்று சொல்லிப் பத்து வருடம் ஓட்ட முடியாது. இந்த மாதம் எத்தனை இடத்தில் வேலை கேட்டீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அல்லாஹ்வை அஞ்சுபவருக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குவான், எண்ணிப் பார்க்காத இடத்திலிருந்து ரிஸ்க் தருவான் என்பது 65வது சூராவில் உள்ள வாக்குறுதி.

முதல் சஃப்பில் இருப்பவர்களுக்கு

அதே அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் சில அனாதைகளுக்குச் சேரவேண்டிய மது இருந்தது. என்ன செய்வது என்று நபியவர்களிடம் கேட்டார்கள். கொட்டிவிடச் சொன்னார்கள். காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை (அபூதாவூத்). அனாதையின் சொத்தில் கை வைப்பவன் வயிற்றில் நெருப்பை நிரப்புகிறான் என்று எச்சரிக்கும் மார்க்கம், அனாதையின் மதுவைக் கொட்டச் சொல்கிறது. வறுமை மதுவை ஹலாலாக்காது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அதே அபூதல்ஹாதான், பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த தன் பிரியமான பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுத்தவர். நபியவர்கள் சொன்னபடி அதைச் சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டவர். கொட்டச் சொன்ன ஊரில் கொடுக்கவும் ஆள் இருந்தது. நம் ஊரில் கொட்டச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறோம்.

ஜவுளிக்கடை, ஹார்டுவேர், அரிசி மண்டி என்று இந்த முதல் சஃப்பிலேயே எத்தனை முதலாளிகள்! அந்தச் சகோதரர் தொகுப்பூதியத்தில் இருப்பவர். இருப்புப் பதிவேடு எழுதத் தெரியும். இரவு கல்லாவை ஒரு ரூபாய் குறையாமல் ஒப்படைக்கத் தெரியும். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியும். கடைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடம் புலம்பியவர்களே, இதைவிட என்ன தகுதி தேடுகிறீர்கள்? சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வருகிறேன் என்கிறார். மூன்று மாத வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும்தான் அவரை அங்கே பிடித்து வைத்திருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஏழையும் கடனாளியும் உண்டு (9:60). பைத்துல்மாலில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜும்ஆ முடிந்ததும் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆள் தேவைப்படும் கடைக்காரர்கள் வந்து சொல்லுங்கள். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்களும் வாருங்கள். எங்கே வேலை என்று யாரும் கேட்க மாட்டோம், என்ன வேலை தெரியும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த ரமளானில் அவர் கொண்டுவரும் கஞ்சிப் பணத்தை நாம் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் பாக்கியத்தை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.