பன்னிரண்டு உறைகள்

தாத்தாவுக்கு வயது 68. வங்கி ஒன்றில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டிக்கு வயது 64. இருவரும் பெங்களூரில் இருக்கிறார்கள். பென்ஷன் வருகிறது. மாடி வீட்டு வாடகை வருகிறது. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டியும் வருகிறது.

இருவருக்கும் சர்க்கரை நோய். மருந்துக்கும் பரிசோதனைக்கும் மாதம் 4,500 ரூபாய் ஆகிறது. மருத்துவக் காப்பீடு எடுக்கவில்லை.

மருந்துக் கடை பில்களைத் தாத்தா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்.

2023 ஜூலையில் வருமான வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். இருவரும் ஆடிட்டரிடம் போனார்கள். டின்னையும் எடுத்துப் போனார்கள். ஆடிட்டர் டின்னைத் திறந்தார். பல பில்களில் எழுத்தே இல்லை. மை மங்கி வெறும் தாளாக இருந்தன.

"ஐயா, கடையில் பணம் எப்படிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

"ரொக்கமாகத்தான் கொடுத்தேன்."

"அப்படியானால் இந்தச் செலவைக் கழிக்க முடியாது, ஐயா."

ஆடிட்டர் விளக்கினார். "வரிக் கணக்கில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. உங்களுக்குப் பழைய முறையில்தான் வரி குறைவு. அதில், 60 வயது நிறைந்தவர் காப்பீடு இல்லாமல் செய்யும் மருத்துவச் செலவைக் கழிக்கலாம். ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது."

மற்றச் சலுகைகள் போகத் தாத்தாவின் வருமானம் 5,50,000 ரூபாய். அதற்கு வரி 20,800 ரூபாய். 50,000 ரூபாயைக் கழித்திருந்தால் 5 லட்சம்தான். பழைய முறையில் 5 லட்சம் வரை வரி இல்லை.

தாத்தா 20,800 ரூபாய் கட்டினார். நாலு மாத மருந்துச் செலவை விட அது அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி சொன்னார்: "என்னங்க, இனிமேல் பில்லை எல்லாம் என்னிடம் கொடுங்க."

"எல்லாம் இங்கிலீஷில் இருக்கே!"

"தேதி எண்ணில்தானே இருக்கு? ரூபாயும் எண்ணில்தானே இருக்கு? அது எனக்குத் தெரியும்."

பாட்டி 58 வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போனவர்.

பாட்டி பன்னிரண்டு உறைகள் வாங்கினார். ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதப் பெயர்களை எழுதினார். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்தாகிவிட்டது. அந்த மூன்று உறைகளையும் தனியே வைத்தார்.

ஜூலையிலிருந்து எல்லாம் கார்டில்தான். கடையில் பாட்டி, "தம்பி, பில்லில் தாத்தா பெயரைப் போடுப்பா" என்பார். அன்றே பில்லை நகல் எடுப்பார். நகலையும் மருத்துவர் சீட்டையும் பில்லோடு சேர்த்து உறையில் வைப்பார். ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதுவார்.

ஜனவரியில் பாட்டிக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். செலவு 22,000 ரூபாய். தாத்தா செக் கொடுத்தார்.

மார்ச் முடிந்தது. பாட்டி நோட்டைக் கூட்டினார்.

மருந்து, 9 மாதம்: 40,500
கண் அறுவை: 22,000
மொத்தம்: 62,500

2024 ஜூலையில் மறுபடி ஆடிட்டரிடம் போனார்கள். வருமானம் முந்தைய ஆண்டு போலவே இருந்தது. ஆடிட்டர் நோட்டைப் பார்த்தார். 50,000 ரூபாயைக் கழித்தார்.

"ஐயா, இந்த ஆண்டு வரி இல்லை."

தாத்தா பாட்டியைப் பார்த்தார். "அடுத்த வருஷத்துக்கும் உறை வாங்கணுமே" என்றார்.

"வாங்கியாச்சு" என்றார் பாட்டி.

தெரிந்து கொள்வோம்

1. வரிக் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை.

2. கார்டு, செக், செல்போன் வழியாகக் கொடுத்த பணமே கணக்கில் சேரும். நோய் வருமுன் செய்யும் உடல் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கம் கொடுக்கலாம். அது 5,000 ரூபாய் வரைதான். அதுவும் அந்த 50,000 ரூபாய்க்குள் அடங்கும்.

3. பெற்றோரின் செலவை மகனோ மகளோ கட்டினால், அவர்கள் தங்கள் கணக்கில் கழிக்கலாம். ஒரே பில்லை இருவர் காட்டக் கூடாது.

4. பில்களை வரிக் கணக்கோடு அனுப்ப வேண்டாம். வீட்டில் பத்திரமாக வையுங்கள். வரி அலுவலகம் கேட்டால் காட்ட வேண்டும்.

5. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது. ஆனால் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை பென்ஷன், வட்டி, வாடகை வருமானத்துக்கு வரி இல்லை. ஆகவே ஆண்டுதோறும் இரண்டு முறையிலும் கணக்குப் போடச் சொல்லுங்கள். எதில் வரி குறைவோ அதை எடுங்கள்.

பயிற்சி

1. முதல் ஆண்டு பில்களை ஆடிட்டர் ஏன் ஏற்கவில்லை?

2. பாட்டி எந்த மூன்று உறைகளைத் தனியே வைத்தார்? ஏன்?

3. காப்பீடு இல்லாத 70 வயதுப் பெரியவர் மருந்துக்குக் கார்டில் 18,000 ரூபாயும் ரொக்கமாக 7,000 ரூபாயும் கொடுத்தார். பழைய முறையில் எவ்வளவு கழிக்கலாம்?

4. உங்கள் வீட்டில் உள்ள மருந்து பில் ஒன்றை எடுங்கள். தேதி, பெயர், தொகை மூன்றையும் படித்து எழுதுங்கள்.