பழைய வாளை வளைக்காதீங்க, அளந்து பாருங்க



ஆயுத பூஜை அன்று ஒரு வீட்டில் நடந்தது இது. சாமி மாடத்தில் வைக்க, கொள்ளுத்தாத்தா காலத்து வாளை உறையிலிருந்து எடுத்தார்கள். "நல்ல வாள்னா வளைச்சாலும் நேராயிடும்" என்று ஒரு தம்பி முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினார். வாள் வளைந்தது, திரும்ப நேராகவில்லை.

தம்பியின் கேள்வியில் தப்பில்லை. சோதித்த விதம்தான் தப்பு.

இரண்டு குணங்கள்

எடை வைத்தால் எவ்வளவு தொய்கிறது என்பது விறைப்பு. எடையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புவது மீள்தன்மை. இரண்டும் வேறு வேறு.

எஃகைக் காய்ச்சி, தோய்த்துக் கடினமாக்கினாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய மாறாது. எந்த எஃகுக்கும் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். வித்தியாசம் தருவது தடிமன். அதுவும் மும்மடிக் கணக்கில்! தடிமன் பாதியானால் தொய்வு 8 மடங்கு ஆகும். சிலம்பத்தில் சுழற்றும் சுருள் வாள் அப்படிச் சுருள்வதற்கு முதல் காரணம், அதன் தகடு அவ்வளவு மெல்லியது என்பதே.

செய்து பார்ப்போம்

முதலில் எஃகு ரூலரில் பழகுங்க. 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள ரூலரை 25 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் படுக்க வைத்து, நடுவில் அரை கிலோ தொங்கவிட்டால் சுமார் 4 மி.மீ. தொய்யும்.

அடுத்து வாள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. ஒரே உயரமுள்ள இரண்டு மேசைகளை 60 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஓரங்களில் துணி விரித்து, வாளைப் படுக்க வையுங்க. கைப்பிடி மேசையில் இடிக்கக் கூடாது.
2. கூர்ப்பக்கத்தைத் தடித்த அட்டையால் மூடி, அதன்மேல் துணிப்பட்டை சுற்றி, ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுங்க. எடை சுமார் ஒரு கிலோ. போத்தல் தரைக்குச் சற்று மேலே நிற்கட்டும்.
3. நடுவில் ரூலரை நிமிர்த்தி வைத்து, எடைக்கு முன், எடையோடு, எடுத்த பின் என்று மூன்று முறை கைப்பேசியில் நேர்மட்டத்தில் படம் எடுங்க.

32 மி.மீ. அகலமான எஃகுப் பட்டை 4 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 1.3 மி.மீ. தொய்யும், 3 மி.மீ. என்றால் சுமார் 3 மி.மீ. மூன்றாவது படம் முதல் படத்தோடு ஒத்துப்போகணும். இல்லைன்னா அதோடு நிறுத்திடுங்க. ரொம்ப வளைந்த வாள் இந்த முறையில் புரண்டுவிடும். அதில் செய்ய வேண்டாம்.

இது சொல்வதும் சொல்லாததும்

இந்த அளவு வாளின் வடிவத்தைச் சொல்லும். எஃகின் தரத்தைச் சொல்லாது. எவ்வளவு வளைந்தால் கோணலாகும் என்பதை அறிய, கோணலாகும்வரை வளைக்கணும். அதுதான் நமக்கு வேண்டாம்.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய பழைய உலைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றார்கள். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கரிமம் மிகுந்த அந்த எஃகின் பெருமை கூர்மையிலும் கடினத்திலும் இருந்தது. வில்லைப்போல வளையாததால் அது மட்டம் ஆகிவிடாது. மராட்டியர் விரும்பிய 'ஃபிரங்கி' வாள்களில் ஐரோப்பிய அலகுக்கு நம்ம ஊர்க் கைப்பிடி போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு விதம்.

தஞ்சை அரண்மனை ஆயுதங்களில் ஒரு பகுதி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்பட்டது. மிஞ்சியது கொஞ்சம்தான்.

நம் பொறுப்பு

பூஜையில் சந்தனம், குங்குமத்தை அலகில் வைக்காதீங்க. ஈரத்தில் துரு பிடிக்கும். உறையிலோ பலகையிலோ வைக்கலாம். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம். சிங்கப்பூரின் ஈரக்காற்றுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். வெளிநாட்டிலிருந்து வாள் கொண்டுவருவதற்கு முன் காவல்துறையின் விதிகளைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. தேக்காவில் நண்பர்களுக்குக் காட்ட எடுத்துட்டுப் போகவே கூடாது.

யோசிக்க

1. 2 மி.மீ. ரூலர் என்றால் எவ்வளவு தொய்யும்?
2. உங்கள் வீட்டில் பழைய ஆயுதமோ கருவியோ இருக்கிறதா? அதன் கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அளவுகளோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்க.