நல்லெண்ணெய் சிக்கு வாடை அடிக்காதது ஏன்?

கடலை எண்ணெய் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். அதன் பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் வாடை மாறாமல் இருக்கும். ஊறுகாய் ஜாடியில் மேலே நிற்க நல்லெண்ணெய் ஊற்றுவதும் இதனால்தான்.

கணக்குப்படி பார்த்தால் இது நேர்மாறாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் தாக்கக்கூடிய லினோலியிக் அமிலம் கடலை எண்ணெயில் சுமார் 30 சதவீதம். நல்லெண்ணெயிலோ சுமார் 40 சதவீதம். அப்படியிருந்தும் கெடாமல் காப்பவை எள்ளிலேயே உள்ள செசமின், செசமோலின் போன்ற பொருள்கள். சூடுபட்டால் செசமோலினிலிருந்து செசமால் உண்டாகிறது. காவலில் இதுவே கெட்டிக்காரன். எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய் இன்னும் அதிக நாள் தாங்குவது இதனால்தான்.

கொழுப்பை ஓரிடத்தில் பிராணவாயு பற்றினால், வைக்கோல் போரில் தீ பரவுவது போல அடுத்தடுத்துப் பரவும். செசமால் தன்னையே முன்னால் கொடுத்து அந்தத் தொடரை அறுத்துவிடுகிறது. இத்தகைய பொருள்களையே ஆண்டி ஆக்சிடென்ட் என்கிறார்கள். வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று நம் நாட்டில் சட்டம் விதித்ததற்கும் இவற்றோடு தொடர்பு உண்டு. நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் சோதனையில் சிவப்பு நிறம் தோன்றிக் காட்டிக் கொடுத்துவிடும்!

ஆனால் விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செசமால் காற்றைத்தான் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அறுவடையில் மழை பட்டுக் கறுத்த எள்ளில் கொழுப்பு உடைந்து அமிலமாக மாறிவிடுகிறது. அந்த எண்ணெய் தொண்டையைக் கமறும். அப்படிப்பட்ட எள்ளுக்கு விலை கிடைப்பதும் அரிது.

ஆகவே அடி இலைகளில் கால் பங்கு உதிர்ந்து, கீழ்க் காய்கள் மஞ்சளானதும் அறுத்துவிட வேண்டும். மேல் காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் கீழ்க் காய் வெடித்து மணி மண்ணில் கொட்டும். அறுத்த செடிகளை அடித்தண்டு வெளியேயும் நுனி உள்ளேயும் இருக்குமாறு வட்டமாக அடுக்கி, வைக்கோலால் மூடி மூன்று நாள் வைக்கலாம். பிறகு பிரித்து உலர்த்தி உதறினால் முதல் நாளிலேயே பெரும்பகுதி மணி உதிர்ந்துவிடும். மழை வந்தால் தார்ப்பாய் போடலாம். விட்டதும் எடுத்துவிட வேண்டும். உள்ளே வேர்க்கும் ஈரமும் மழை ஈரம் போலவே கெடுதல் செய்யும்.

உதிர்த்த எள்ளை ஈரப்பதம் 5 சதவீதத்துக்கு வரும்வரை காய வைத்து, மூட்டைகளைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். நனைந்த எள் ஒரு மரக்காலே ஆனாலும் தனியே இருக்கட்டும். எடை கூடுமே என்று நல்ல எள்ளோடு கலந்தால் மூட்டை முழுவதற்கும் விலை இறங்கும்.

செக்கில் ஆட்டிய எண்ணெயை நிழலில் அசையாமல் சில நாள் வைத்தால் கசண்டு அடியில் தங்கிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி நாள் கணக்கில் வெயிலில் வைக்கக் கூடாது. வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும். தெளிந்ததை ஈரமில்லாத பாத்திரத்தில் கழுத்து வரை நிரப்பி மூடலாம். பழைய எண்ணெய் மிச்சமுள்ள பாத்திரத்தில் புதியதை ஊற்ற வேண்டாம். செம்பும் ஈயம் பூசாத பித்தளையும் ஆகாது. செம்பு துளியளவு எண்ணெயில் இறங்கினாலும் சிக்கு வாடை விரைவில் வந்துவிடும். பீங்கான் ஜாடியோ எவர்சில்வர் தூக்கோ போதும்.