வெண்கலக் காசில் ஒரு தாயின் முகம்



பூச்சந்தையில் சில்லறை எண்ணி வாங்கும்போது, காசில் யார் முகம் இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. உரோமைச் சக்கரவர்த்திகளோ அந்த முகத்தை வெகு கவனமாகத் தெரிந்துகொண்டார்கள். பத்திரிகை இல்லாத அக்காலத்தில், அரசன் சொல்ல விரும்பியதை ஏழையின் கைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது காசுதான்.

அக்காசுகள் நம் நாட்டுக்கும் வந்தன. மதுரையில் வைகை மணலிலும், கரூரில் அமராவதி மணலிலும், இராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்திலும், 4, 5-ம் நூற்றாண்டுகளின் உரோமைச் சிறு வெண்கலக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன. அந்த 4-ம் நூற்றாண்டில் சக்கரவர்த்தினிகளின் முகம் பொறித்த வெண்கலக் காசுகளும் அடிக்கப்பட்டன. அவற்றுள் மூன்று பெண்களின் காசுகளைக் கவனிப்போம்.

முதலாவது, அர்ச். எலேனம்மாள். இவர் சத்திரத்தில் வேலை செய்த பெண் என்று மிலான் மேற்றிராணியார் அர்ச். அம்புரோசியார் 395-ல் செய்த பிரசங்கத்தில் கூறுகிறார். இவருடைய மகனே கொன்ஸ்தந்தீன். தகப்பனான கொன்ஸ்தான்ஸியுஸ் பதவியில் உயர்ந்தபோது, எலேனம்மாளை விலக்கிவிட்டு, அரச குடும்பத்துப் பெண்ணாகிய தெயோதோராவை மணந்தார். அந்நாளில் எலேனம்மாளின் முகத்தை எந்தக் காசும் தாங்கவில்லை. மகன் 306-ல் அரசரானார். 324-ல் தாய்க்கு ‘அகுஸ்தா’ என்னும் பட்டம் தந்தார். பிறகுதான் முடிசூடிய அவர் முகம் காசில் ஏறிற்று. பின்புறத்தில், கிளையொன்றைப் பிடித்து நிற்கும் பெண்ணும், ‘அரசின் பாதுகாப்பு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வாசகமும் உண்டு.

இரண்டாவது, கொன்ஸ்தந்தீனின் மனைவி பவுஸ்தா. அதே 324-ல் அதே பட்டம் பெற்றவள். அவள் காசில், இரு குழந்தைகளை அணைத்து நிற்கும் பெண்ணுருவமும் ‘அரசின் நம்பிக்கை’ என்ற வாசகமும் பொறிக்கப்பட்டன. ஆனால் 326-ல் கணவனின் கட்டளையாலேயே அவள் கொல்லப்பட்டாள். அவள் பேரில் காசு அடிப்பதும் நின்றது.

மூன்றாவது, அந்தத் தெயோதோரா. 337-ல் கொன்ஸ்தந்தீன் இறந்தபின், அவருடைய பிள்ளைகளின் ஆட்சியில், விலக்கப்பட்ட எலேனம்மாளுக்கும் அவர் இடத்துக்கு வந்த தெயோதோராவுக்கும் ஒரே காலத்தில், நகத்தளவான வெண்கலக் காசுகள் அடிக்கப்பட்டன. இருவரும் அப்போது உயிரோடில்லை.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? உலகம் ஒரு பெண்ணுக்குத் தரும் மதிப்பு, அவளைச் சேர்ந்த ஆண்களின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. மகன் உயர்ந்தால் தாய்க்கு முடி. கணவன் வெறுத்தால் மனைவிக்குச் சாவு. நம் தெருக்களிலும் கணவன் கைவிட்ட பெண்கள் இல்லையா? கல்யாண வீட்டில் அவளை ஒரு மூலையில் உட்கார வைக்கிறோம். அவள் மகனுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்த மறுநாள், “வாங்கம்மா” என்று நாற்காலி போடுகிறோம். அந்த மரியாதை யாருக்கு? அவளுக்கா, மகனின் சம்பளத்துக்கா?

வரிக்காசைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள சாயல் யாருடையது என்று நம் ஆண்டவர் வினவியதை அறிவீர்கள். மனுஷரில் பதிந்துள்ளது சர்வேசுரனுடைய சாயல். சத்திரத்தில் உழைத்த நாளிலும், விலக்கப்பட்ட நாளிலும், முதிர்ந்த வயதில் திருத்தலங்களை நாடிப் பயணமான நாளிலும் எலேனம்மாளிடம் அந்தச் சாயல் இருந்தது.

ஆகையால் வரும் ஞாயிறு பூசைக்கு வரும்போது, உங்கள் தெருவில் தனித்து வாழும் ஒரு பெண்ணை அழைத்து வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவள் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்காதீர்கள்.