வேப்பிலையும் கறிவேப்பிலையும்

கேள்வி: கணினியே இல்லாத பள்ளியில் செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நியூசிலாந்தில் டிம் பெல் குழுவினர் 1990களிலேயே கணினியைத் தொடாமல் கணினி அறிவியலைச் சொல்லித்தரும் விளையாட்டுகளை உருவாக்கினார்கள். அந்த வழி நம் ஊருக்கும் பொருந்தும்.

வேப்பிலையையும் கறிவேப்பிலையையும் மேசையில் பரப்பி, அவற்றைப் பிரித்தறிய விதி எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம். முகர்ந்து பார்க்கக் கூடாது. இங்கே பிள்ளைகள்தான் இயந்திரம்; இயந்திரத்தின் கேமராவுக்கு வாசனை தெரியாது. 'ஓரம் ரம்பப்பல் போல இருந்தால் வேம்பு, இல்லாவிட்டால் கறிவேப்பிலை' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அப்போது ஆசிரியர் ஒரு முருங்கை இலையை நீட்டட்டும். விதி அதையும் கறிவேப்பிலை என்றே சொல்லும்! பழக்கப்படுத்தாத ஒன்றைக் கண்டால் இயந்திரம் எப்படித் தவறுகிறது என்பது அங்கேயே விளங்கிவிடும்.

ஆசிரியரிடம் இணையத்தோடு ஒரு மடிக்கணினி கிடைக்கும் நாளில், படங்களைக் காட்டி இயந்திரத்தைப் பழக்க உதவும் கூகுளின் 'டீச்சபிள் மெஷின்' தளத்தில் அதே இலைகளைக் காட்டிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.