பவளத்துக்கு என்ன நிறம் பூசுவது?

மன்னார் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்துக்கு ஒரு தகவல் வரைபடம் செய்து தரும்படி கேட்டால், கணினியில் வரையும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் தேடுவது இளஞ்சிவப்பும் ஊதாவுமாக மின்னும் ஒரு பவளப்பாறைப் படத்தைத்தான். வேலை அங்கேயே கெடுகிறது.

நலமான பவளம் அநேகமாகத் தவிட்டு நிறம். அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி தரும் நிறம் அது. கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். ஒளி ஊடுருவும் தசைக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். அப்போதும் பவளம் சாகவில்லை, சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும். செத்த பிறகுதான் மேலே வேறு பாசி படர்ந்து பச்சையாகவும் மங்கல் கபிலமாகவும் மாறும். ஆக, 'பச்சை நலம், வெள்ளை சாவு' என்று குறிவிளக்கம் போட்டால் பார்ப்பவருக்கு நேர்மாறான செய்தி போகும். வெளிறும் நேரத்தில் சில இனங்கள் பளீரென்ற நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் ஒளிர்வதும் உண்டு. அந்த மின்னும் படத்தைத் தேர்ந்தால், நோயாளியைத்தான் முகப்பில் போட்டிருக்கிறீர்கள்!

நிறத்தை ஊகிக்க வேண்டாம். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002இல் தொடங்கியது. பவளத்தோடு ஒப்பிட அது தரும் நிற அட்டையில் ஒவ்வொரு நிறமும் 1 முதல் 6 வரை படிப்படியாகக் கறுத்துப் போகும். அந்தப் படிகளை வைத்தே உங்கள் அளவுகோலை அமையுங்கள். கடல் வெப்பத்தைக் காட்டுவதென்றால், அமெரிக்காவின் நோவா நிறுவனம் வாரக்கணக்கில் திரளும் வெப்பத்துக்கு வைத்திருக்கும் 4, 8 பாகை-வாரம் என்ற எல்லைகளில் நிறத்தை வெட்டி மாற்றுங்கள். 4இல் வெளிறல், 8இல் சாவு எதிர்பார்க்கப்படும்.

இனிக் கலவை. வழக்கமான மென்பொருளில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் சாம்பல்தான் வரும். சாயத்தில் பச்சை வரும். சாயம்போலவே கலக்கும் மிக்ஸ்பாக்ஸ் முறையை செக் நாட்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். ரெபெல் மென்பொருளில் அது இருக்கிறது. கண்டல் நிழலும் கடற்புல்லும் தீட்ட அருமையானது. அளவுகோலுக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள்: நடுவே புது நிறம் முளைத்தால், கடலில் இல்லாத ஒரு நிலையைக் காட்டியதாகிவிடும். முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். படிகள் வரிசை தப்பாமல் தெரிந்தால், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவருக்கும் விளங்கும்.

விலை பேசுமுன் இரண்டைக் கேளுங்கள்: தரவு யாருடையது, படம் எங்கே தொங்கப்போகிறது? கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் உட்சுவர் வேறு, இறங்குதுறை வெயில் வேறு. மன்னார் வெயிலில் அச்சுப் பதாகையின் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து நீலம் மிஞ்சும். தவிட்டுப் பவளம் தானாகவே 'வெளிறிவிடும்'. வெளியில் மாட்டுவதென்றால் ஒவ்வொரு நிறக் கட்டத்துக்குள்ளும் அதன் எண்ணைக் கறுப்பில் அச்சிட்டுவிடுங்கள். மறு அச்சுக்கான கூலியையும் முதல் விலைச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.