மான் மாமிசம்: அதன் சத்தும், தீங்கின்றிச் சமைக்கும் முறையும்

இந்து மகா சமுத்திரத்திலுள்ள மொரிஷியஸ் தீவில் மான் ஆதியில் இருந்த பிராணி அன்று. அத்தீவு டச்சுக்காரர் வசம் இருந்த காலத்தில், 1639ஆம் ஆண்டில், அவர்களுடைய அதிகாரியான அட்ரியான் வான் டெர் ஸ்டெல் என்பவர் ஜாவாத் தீவினின்றும் சில மான்களைக் கப்பலேற்றிக் கொணர்ந்து காட்டில் விடுவித்தார். ரூசா என்னும் அந்த ஜாதி மான்கள், தம்மைக் கொன்று தின்னும் துஷ்ட மிருகம் ஒன்றுமில்லாத நாட்டில் பெருகின. இன்று அவை கரும்புத் தோட்டங்களை அடுத்த காடுகளிலும், வேலியடைத்த பண்ணைகளிலும் மந்தை மந்தையாக வாழ்கின்றன. கரும்பின் நுனித்தோகை பண்ணை மான்களுக்குத் தீனியாகின்றது. ஜூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரையில் வேட்டைக் காலம். அம்மாதங்களில் மான் மாமிசம் கசாப்புக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். பசுவின் மாமிசத்தை விலக்குவோரும் பன்றியின் மாமிசத்தை விலக்குவோரும் அருகருகே வாழும் அத்தீவில், இரு சாராருக்கும் ஆட்சேபமற்ற மாமிசம் இது. 1834ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று குடியேறிய இந்தியருள் தமிழரும் பலர். அவர்களுடைய சந்ததியாரின் அடுப்பில் மான் கறி பழகிய பண்டமேயாகும்.

நம் நாட்டு நிலைமை முற்றிலும் வேறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மானை வேட்டையாடுவதும், அதன் மாமிசத்தை விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதுங்கூடக் குற்றமாம். சிறையும் அபராதமும் விதிக்கப்படும். பயிரை மேய்ந்த மானாயினும், கிணற்றில் விழுந்தோ வண்டியில் அடிபட்டோ மாண்ட மானாயினும், குடியானவர் அதனைத் தொடாது வன இலாகாவினருக்குத் தெரிவிப்பதே முறை. ஆகவே இங்குக் கூறப்படுவன, மான் மாமிசம் சட்டப்படி கிடைக்கும் மொரிஷியஸ், நியூஸீலாந்து, வட அமெரிக்கா முதலிய நாடுகளைப் பற்றியனவாம். ஆயினும் கொழுப்புக் குறைந்த மாமிசத்தைக் குளிர்விப்பதும், உலர்த்துவதும், வேகவைப்பதும் பற்றிய விதிகள் வெள்ளாட்டு மாமிசத்திற்கும் பெரும்பாலும் பொருந்துமாதலின், நம் குடியானவருக்கும் இவை உபயோகமற்றவையல்ல.

மான் மாமிசத்தின் பெருமையெல்லாம் அதன் கொழுப்பின்மையிலேயே அடங்கியுள்ளது. வட அமெரிக்க மான்களின் பச்சை மாமிசத்தைப் பகுத்து ஆராய்ந்ததில், 100 கிராமில் சுமார் 23 கிராம் புரதமும், இரண்டரைக் கிராமுக்குச் சற்றுக் குறைந்த கொழுப்பும், 3.4 மில்லிகிராம் இரும்புச் சத்தும் இருப்பதாகக் கண்டனர். அது தரும் உஷ்ணம் சுமார் 120 கலோரி. மாமிசத்திலுள்ள இரும்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைக் காட்டிலும் எளிதில் தேகத்தில் சேரும். தாவர உணவில் இல்லாத பி12 என்னும் ஜீவசத்தும் இதில் மிகுதியாக உண்டு. சோகை பிடித்தவர்க்கும் பிள்ளை பெற்ற ஸ்திரீகளுக்கும் இம்மாமிசத்தை நல்லதென்று சொல்லுவது இக்காரணங்களாலேயே.

இதைக் கொண்டு மானுக்குத் தெய்வீகமான சக்தி ஏதோ உண்டென எண்ணிவிடலாகாது. வெள்ளாட்டு மாமிசத்திலும் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதமும், இரண்டு கிராமுக்குச் சற்று மேற்பட்ட கொழுப்பும், மூன்று மில்லிகிராமுக்குச் சிறிது குறைந்த இரும்பும் உள்ளன. சட்டத்துக்கஞ்சி மானை விட்டவன் சத்தில் இழந்தது யாதொன்றுமில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். கொழுப்புக் குறைந்ததாகையால் கொலஸ்டிரால் என்னும் பொருளும் இராது என்பது மற்றொரு தப்பெண்ணம். மான் மாமிசத்திலும் அது ஏனைய மாமிசங்களில் உள்ள அளவு உண்டு. கீல்வாயு உடையவர்கள் எந்த மாமிசத்தையும் போலவே இதனையும் அளவோடு உண்ணவேண்டும்.

மான் கொல்லப்படும் விதமே மாமிசத்தின் குணத்தைப் பாதி நிர்ணயித்துவிடுகின்றது. ஓய்ந்து நிற்கும் பிராணியின் தசையில் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் சேமிப்பாக இருக்கும். உயிர் நீங்கியபின் அது புளிப்பாக மாறித் தசையில் பரவும்; அந்தப் புளிப்பு மாமிசத்தை மிருதுவாக்குவதுடன், அழுகச் செய்யும் கிருமிகளையும் ஓரளவு தடுத்து நிறுத்துகின்றது. ஆட்களை வைத்துக் கலைத்து, நெடுந்தூரம் ஓடச் செய்து, மிரண்டு களைத்த நிலையில் சுடப்பட்ட மானிடத்தில் அந்தச் சேமிப்பு முன்னரே செலவழிந்து போயிருக்கும். அதன் மாமிசம் கறுத்து, இறுகி, விரல்களில் ஒட்டும். சீக்கிரத்தில் நாற்றமும் எடுக்கும். மான் மாமிசத்திற்கு இயல்பாகவே துர்நாற்றம் உண்டென்று பலர் கூறும் குறை, பெரும்பாலும் மானின் குறையன்று. கலைத்தவர்களின் குறையும், குளிர்விக்கத் தாமதித்தவர்களின் குறையுமாகும். அசையாது நிற்கும் பிராணியைத் தலையிலோ கழுத்திலோ ஒரே குண்டால் வீழ்த்தும் பண்ணைகளின் மாமிசம் மேம்பட்டதாயிருப்பதன் இரகசியம் இதுவே.

குண்டு வயிற்றில் பாய்ந்து குடல் கிழிந்திருப்பின், அதிலுள்ள கிருமிகள் மாமிசமெங்கும் பரவும். அவ்விடத்தை நீரால் கழுவுவது அழுக்கை இன்னும் அகலமாகப் பரப்புவதேயாகும். கறைபட்ட தசையைத் தாராளமாக வெட்டி எறிவதே நல்லது. குடலையும் இரைப்பையையும் மூத்திரப்பையையும் கிழிக்காமல், எவ்வளவு விரைவில் கூடுமோ அவ்வளவு விரைவில் அகற்றிவிட வேண்டும். பின்னர் உடலின் உள்ளே காற்றோட்டம் உண்டாக்கி, பனிக்கட்டிப் பைகளை வைத்து, 4 டிகிரி ஸெண்டிகிரேடுக்குக் கீழ்க் குளிர்விக்க வேண்டும். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் மானை மரத்தில் தொங்கவிட்டால் காற்றே குளிர்வித்துவிடும். மொரிஷியஸின் ஜூலை மாதத்தைக் குளிர்காலமென்று சொல்லுவதெல்லாம் அத்தீவின் வழக்குக்கே. பகலில் 20 டிகிரிக்கு மேற்பட்ட அந்த வெயிலில் ஐரோப்பியரின் பழக்கத்தைப் பின்பற்றுவது மாமிசத்தைக் கெடுப்பதாகும். தோதான உஷ்ணம் கிடைத்தால் கிருமிகள் இருபது நிமிஷத்திற்கொருமுறை இரட்டிக்கும் என்பதை நினைவில் வைத்தால், மாலைவரையில் வேட்டையைக் கொண்டாடிவிட்டுப் பிறகு உரிக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றாது.

குண்டைப் பற்றி இன்னொரு விஷயம். ஈயக்குண்டு எலும்பில் பட்டுச் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தினின்றும் வெகுதூரம் வரையில் தசையில் புகுந்துவிடுகின்றன. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட டகோட்டா மாகாணத்தில், ஏழைகளுக்குத் தானமாக அளிக்கப்பட்டிருந்த கொத்திய மான் மாமிசத்தில் ஈயம் காணப்பட்டு, அதனை எறிந்துவிடும்படி அதிகாரிகள் அறிவித்தனர். எவ்வளவு வேகவைத்தாலும் ஈயம் நீங்காது. காடியிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்தாலோ அது இன்னும் அதிகமாகக் கரையும். காயத்தைச் சுற்றிலும் அகலமாக வெட்டி எறிவதும், அப்பகுதியைக் கொத்தும் யந்திரத்தில் இடாதிருப்பதும், கூடுமானால் செப்புக் குண்டுகளையே உபயோகிப்பதும் தக்க பாதுகாப்பாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஈயக்குண்டால் வீழ்த்திய மானின் மாமிசத்தை விலக்குவது உத்தமம்.

இனி உலர்த்துதலைக் கவனிப்போம். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், வேட்டையாடிய ஒரு மானின் மாமிசத்தை வீட்டிலேயே மெல்லிய பட்டைகளாக அரிந்து, உலர்த்தும் கருவியில் 50 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் காயவைத்தனர். அதனை உண்டவர்களுள் பதினொருவர் இரத்த பேதியை உண்டாக்கும் ஈ. கோலி என்னும் கிருமியால் பீடிக்கப்பட்டனர். மாமிசம் நன்றாகவே காய்ந்திருந்தது; கிருமிகள் மட்டும் சாகவில்லை. ஈரமான மாமிசத்தில் எளிதில் இறக்கும் கிருமி, மெள்ள மெள்ள ஈரம் வற்றும்போது சூட்டைத் தாங்கும் வன்மையைப் பெற்றுவிடுகின்றது. ஆதலின் முதலில் மாமிசத்தை 71 டிகிரி ஸெண்டிகிரேட், அதாவது 160 டிகிரி பாரன்ஹீட் வரையில் வேகவைத்து, அதன் பின்னரே உலர்த்தவேண்டும் என்று அந்நாட்டு விவசாய இலாகா விதித்துள்ளது. நம் நாட்டில் ஆட்டு மாமிசத்தை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டத்துக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை கவனிக்கத்தக்கது. உப்புக்கண்டத்தை நாம் அப்படியே கடித்துத் தின்பதில்லை. எண்ணெயில் பொரித்தோ குழம்பில் கொதிக்கவைத்தோதான் உண்கிறோம். நம் பாட்டிமார் கிருமிகளைப் பற்றி அறிந்தாரல்லர். ஆயினும் அடுப்பில் இட்டபின்பே உண்ணும் அந்த வழக்கம் குடும்பங்களைக் காத்து வந்தது. வெயிலில் உலர்ந்தது வெந்தது ஆகாது.

பச்சையாக உண்பதன் கேடு 2003ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிப்பட்டது. ஹியோகோ மாகாணத்தில் மான் மாமிசத்தைப் பச்சையாக உண்ட நால்வருக்குக் கல்லீரல் வீங்கிக் காமாலை கண்டது. அவர்கள் உண்டு மிகுந்து உறைபெட்டியில் இருந்த அதே மாமிசத்தைச் சோதித்தபோது, நோயாளிகளின் இரத்தத்திலிருந்த கிருமியே அதிலும் காணப்பட்டது. அக்குடும்பங்களில் மாமிசத்தைத் தொடாதவர்களுக்கும், சொற்பமே தின்றவர்களுக்கும் நோய் வரவில்லை. உறையவைத்தால் கிருமி இறந்துவிடும் என்று நம்புவோர் இதனைக் கவனிப்பாராக. கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கிழைக்கும் டாக்ஸோப்பிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும் மானின் தசையில் தங்கக்கூடும். அதற்கும் நம்பத்தக்க மருந்து நெருப்பே.

மானின் தசை இயல்பிலேயே கருஞ்சிவப்பானது. ஆகையால் நிறத்தைக் கொண்டு வெந்ததா வேகாததா என்று தீர்மானிக்க இயலாது. மாமிச வெப்பமானியின் முனையைத் துண்டின் நடுவில் செலுத்தி, 71 டிகிரி ஏறியதா என்று பார்ப்பதே சரியான வழி. கொத்திய மாமிசத்துக்கு இது தவிர்க்கக்கூடாத விதி. ஏனெனில் வெளிப்புறத்திலிருந்த கிருமிகள் கொத்தும்போது உள்ளே புகுந்துவிடுகின்றன. ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கொழுப்பில்லாத முதுகுத் தசையை அவ்வளவு சூடேற்றினால் அது உலர்ந்து தோல்போலாகும். ஐரோப்பியர் அதனை அரைவேக்காட்டில் உண்ணுவது இதனாலேதான். அந்த ருசிக்காக அவர்கள் ஏற்றுக்கொள்ளும் அபாயத்தைத்தான் மேலே கண்டோம்.

தமிழர் சமையலில் இவ்விடர்ப்பாடு பெரும்பாலும் எழுவதேயில்லை. கழுத்து, தோள், முன்னங்கால் ஆகியவற்றின் தசையில் நார்ப்பசை மிகுதி. அதனை ஓரங்குலத் துண்டுகளாக்கி, கொழுப்பை முழுதும் நீக்கி, வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் வதக்கிய மசாலையில் நீர்விட்டு மூடி, இரண்டு மணி நேரம் வரையில் சிறு தீயில் கொதிக்கவிட்டால் நார்ப்பசை கரைந்து குழம்பு கெட்டிப்படும்; துண்டும் மெத்தென்றாகும். கொதிக்கும் குழம்பு 100 டிகிரியை எட்டுவதால் வெப்பமானியும் வேண்டுவதில்லை. பிரஷர் குக்கர் இருந்தால் காலம் பாதிக்கும் குறையும். மானின் கொழுப்பை நீக்கச் சொல்லுவது, அது ஆறியவுடன் மெழுகுபோல் உறைந்து அண்ணத்தில் ஒட்டுவதாலும், வாடையின் பெரும்பகுதி அதிலேயே இருப்பதாலுமாம். அதற்குப் பதிலாக நெய்யோ தேங்காயெண்ணெயோ சிறிது சேர்த்தல் நலம். முதுகுத் தசையை மெல்லிய தகடுகளாக அரிந்து, காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு இருபுறமும் விரைவாக வறுத்தால் உள்ளும் வேகும், உலரவும் நேரமிராது.

மொரிஷியஸில் கடுகு, மஞ்சள், பூண்டு, காடி சேர்த்து ‘வேந்தாய்’ என்ற புளிப்புக் கறி ஒன்று செய்வர். காடி ருசியைக் கூட்டும். மேற்புறத்தைச் சற்று மிருதுவாக்கும். துண்டின் உட்புறத்துக் கிருமியை அது கொல்லாது. ஆகவே மாமிசத்தை முழுதும் வேகவைத்த பின்னரே காடிக் கலவையில் இடவேண்டும். பச்சை மாமிசத்தைத் தயிரிலோ திராட்ச மதுவிலோ ஊறவைப்பதாயின் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தே ஊறவைக்க வேண்டும். ஊறிய நீரை எறிந்துவிட வேண்டும்.

வட அமெரிக்காவில் குடியேறிய தமிழர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் அவசியம். 1967ஆம் ஆண்டில் கொலராடோ மாகாணத்தில் முதலில் காணப்பட்ட, மான்களை இளைக்கச் செய்து கொல்லும் மூளை நோய் ஒன்று அங்குப் பல மாகாணங்களிலும், 2016 முதல் நார்வேயிலும் தோன்றியுள்ளது. அது மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை; ஆயினும் அதற்குக் காரணமான பொருள் சமையற் சூட்டால் அழிவதன்று. நோய் உள்ள பிரதேசத்து மானைச் சோதனைக்கு அனுப்பி, நோயில்லை என்ற முடிவு வந்த பின்னரே உண்ணவேண்டும். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல் இவற்றை எவ்விடத்தும் தொடலாகாது. மெலிந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடி நடக்கும் மானைச் சுடுவதே கூடாது.

சமைத்து மிகுந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமற்ற பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் வரையில் கெடாது. எடுக்கும்பொழுது வேண்டியதை மட்டும் வேறு பாத்திரத்தில் மாற்றி, குமிழியிட்டுக் கொதிக்கும்வரை சூடாக்கிக்கொள்ள வேண்டும். பச்சை மாமிசம் அரிந்த பலகையையும் கத்தியையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாமல் வெந்த கறியின் அருகே கொண்டுவரலாகாது.